தண்ணீர் போன இடம்

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் லோரி செத்த கதையைச் சொல்ல முடியாது.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் வண்டி விஷயத்தில் மெர்லிமாவ் வட்டாரத்தில் என்னை அசைக்க ஆள் கிடையாது. எந்த லோரியானாலும் பக்கத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் போதும். கிளட்ச் கருகுகிறதா, பெல்ட் தேய்கிறதா, எண்ணெய் எரிகிறதா, சொல்லிவிடுவேன். ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் இருக்கிறதே, அது சூட்டில் பட்டால் பாகு மாதிரி இனிப்பாக மணக்கும். லோரியின் முன்தலையைச் சாய்ப்பதற்கு முன்பே கசிவு எந்தப் பக்கம் என்று காட்டியிருக்கிறேன். மற்ற டிரைவர்கள் என்னைக் கண்டால், “பெரியண்ணே, ஒரு மோப்பம் புடிச்சிட்டுப் போங்கலா” என்று கூப்பிடுவார்கள். நாய்க்குச் சொல்வது போலச் சொல்கிறார்களே என்று நான் கோபித்ததில்லை. இஞ்சினியர் படித்தவன் கருவி வைத்துத் தேடுவதை நான் கடவுள் கொடுத்ததை வைத்துச் செய்தேன்.

கோவிட் வந்தபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூக்கு திரும்பவில்லை. டீசலும் தெரியாது, மல்லிகைப் பூவும் தெரியாது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சாப்பிட உட்காரும்போதெல்லாம், “கொழம்பு வாசம் ரோடு வரைக்கும் வருது” என்று அவளிடம் சொல்லிவைப்பேன். டிரைவர்கள் கூப்பிட்டால் சளி என்பேன். ஒரு மனிதனுக்கு எத்தனை வருடம் சளி இருக்கும் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

தோட்டத்தில் வெட்டும் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவதுதான் என் வேலை. அன்று வெட்டிய குலை அன்றே ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பழம் கெட்டுவிடும். லோரி என் சொந்த லோரி, ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. போன மழைக் காலத்தில் அது சூடேறி இரண்டு முறை வழியில் நின்றது. தோட்டத்து மேனேஜர் என் மகன் வயசுக்காரர். நேராக வந்து சொன்னார்.

“பெரியவரே, இன்னொரு தடவ நடுவழியில நின்னா நான் வேற லோரி பார்க்க வேண்டியதுதான். மேல பதில் சொல்ல முடியல.”

“இந்த லோரிய என்னைவிட எவனுக்குத் தெரியும்? ரெண்டு நாள்ல பாருங்க” என்றேன்.

காலையில் மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் ஒன்றரை லிட்டர் குறைந்திருக்கும். எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. மூடியின் ரப்பரைப் பார்த்து, சந்தேகத்துக்குப் புது மூடியே போட்டேன். மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் பிதுக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. தண்ணீர் பம்பின் அடியில் விரலை விட்டுத் தடவினேன், காய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க லோரிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவைத்தேன். விடிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால் கலந்த தே தாரேக் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தேன், கறுப்பாகவே இருந்தது. வெள்ளைப் புகையும் இல்லை. நான் எதையும் விடவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடைசியில் தெங்கேராவில் ஒரு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று அடித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. திரும்பக் கட்டிக்கொண்டு மழையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டி வந்தேன். முன்கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுவென்று ஆவி படிந்துகொண்டே இருந்தது. மழைதானே என்று துண்டால் துடைத்தேன். இடது பக்கக் கால்மிதி நனைந்திருந்தது. மழைக்கோட்டு அங்கேதான் கிடந்தது, அதனால் அதையும் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

“என்னாங்க, சட்டையெல்லாம் குலா மலாக்கா வாடை? செண்டோல் கடைக்குப் போனீங்களா?”

குலா மலாக்கா என்பது தென்னை வெல்லம்; அதன் பாகை ஊற்றித்தான் கிண்ணத்தில் ஐஸ் போட்ட செண்டோல் விற்பார்கள்.

“இனிப்பு நீருக்கு மாத்திரை போடுற மனுசன், தெங்கேராவுல யாரு பார்க்கப் போறான்னு கிண்ணத்தோட உக்காந்துட்டீங்களோ?”

குனிந்து சட்டையை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. எனக்கு மணக்கவில்லையே என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்தது வரும். “ஆமா, சாப்பிட்டேன். சின்னக் கிண்ணம்தான்” என்றேன்.

“சின்னக் கிண்ணமா? அதுலயே குளிச்சிட்டு வந்த மாதிரியில்ல இருக்கு!”

அடுத்த நாளும் அதே வாடை என்றாள், அதற்கடுத்த நாளும். இரண்டு நாளும் தலையாட்டினேன். அவள் என் காப்பியில் சீனியை நிறுத்தினாள். செண்டோல் முகத்தையே பார்க்காதவன் நான், சீனியில்லாத காப்பியைக் குடித்துவிட்டு லோரியில் ஏறினேன். எந்த வாடையை வைத்து நாற்பது வருடம் பேர் வாங்கினேனோ, அதை அவள் என் வீட்டுக்குள்ளேயே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்டோல் என்றதும் என் புத்தி செண்டோலிலேயே நின்றுவிட்டது. மூக்கு இருந்திருந்தால் புத்தி வேண்டியிருந்திருக்காது.

நான்காம் நாள் முழுப் பாரத்தோடு ஆலை மேட்டில் ஏறினேன். சூட்டு முள் கீழேயே கிடந்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். காலையில் நிரப்பிய தண்ணீர் மேட்டுக்கு வருவதற்குள் ஒழுகித் தீர்ந்திருந்தது. தண்ணீர் சுத்தமாகத் தீர்ந்துவிட்டால் முள் ஏறாது. தொட்டுப் பார்க்க அங்கே தண்ணீர் இருந்தால்தானே ஏறும். இது எனக்குத் தெரிந்த விஷயம், எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். இஞ்சினில் கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை. அன்று மாலை வேறு லோரி வந்து என் குலைகளை மாற்றி ஏற்றிப் போனது. மேனேஜர் திட்டவில்லை. “வீட்டுக்குப் போங்க பெரியவரே” என்றார். திட்டியிருக்கலாம்.

மெர்லிமாவ் பட்டறைக்கு இழுத்துப் போனோம். அங்கே பழுது பார்க்கும் சீனர் தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். இடது கதவைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஐயோ அண்ணே, உள்ள சீனிப்பாகு கொட்டி வெச்சிருக்கியா? உனக்கு மணக்கலயா?”

“சளி” என்றேன்.

கால்மிதியைத் தூக்கினார். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. டாஷ்போர்டைப் பிரித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டரை வெளியே எடுத்தார். குளிர் நாட்டுக்காரன் கால் காய வைத்த ஹீட்டர். இஞ்சின் தண்ணீர் அதற்குள்ளும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சிவப்பும் நீலமும் போட்ட அதன் கைப்பிடியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இந்த ஊர்ச் சூட்டில் அதை யார் தொடுவார்கள்? ஓட்டை அதில் இருந்தது.

“இந்த ரெண்டு பைப்ப சேர்த்துக் கட்டியிருந்தா போதும்லா. கால் மணி நேர வேலை” என்றார். பிறகு இஞ்சினைப் பார்த்துவிட்டு, ஹெட் வெடித்துவிட்டது, பிஸ்டன் ஒட்டிக்கொண்டது என்று கணக்காகச் சொன்னார். “இது இனி எழும்பாது அண்ணே. உன் வயசுக்கு இன்னொரு இஞ்சின் போட்டு என்ன செய்யப் போற?”

மறுநாள் பழைய இரும்புக்காரன் வருவதற்கு முன், லோரியிலிருந்து முருகன் படத்தையும் துண்டையும் எடுக்க மனைவி என்னோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“இதே வாடைதான். உங்க சட்டையில வந்தது இதேதான்.”

நான் முருகன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ நீங்க செண்டோலே சாப்பிடலையா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சாப்பிட்டேன்னு சொன்னீங்க?”

அவள் கால்மிதியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். “மணக்குதா?” என்றாள். மூச்சை ஆழமாக இழுத்தேன். ஈரம் மூக்கு நுனியில் பட்டது, அவ்வளவுதான்.

“ஆமா, மணக்குது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கால்மிதியைக் கீழே போட்டுவிட்டு, படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காப்பியில் சீனி திரும்ப வந்துவிட்டது. ஆனால் பாலை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் தன் மூக்கருகே ஒருமுறை கொண்டுபோகிறாள். கேஸ் அடுப்பை நான் தொட்டால், பின்னாலேயே வந்து திருகைச் சரிபார்க்கிறாள். குழம்பு வாசத்தைப் பற்றி நானும் இப்போது எதுவும் சொல்வதில்லை.