இடது கைப் பக்கம் கோயில்

டிரில் மாஸ்டர் ராஜகோபாலுக்கு நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்து மூன்று வருடம் காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக் கழிந்திருந்தது. அவருடைய பாட வேளைகளில் பாதியைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மீதியில் வெயிலோ மழையோ ஏதாவது ஒன்று இருக்கும். ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்க, உச்சியில் நிற்பவன் விழாமல் கொடியை ஆட்டிவிட்டால் அந்த வருடத்து வேலை முடிந்தது. ராஜகோபாலுக்கு இது போதுமானதாக இருந்தது. பள்ளித் தாளாளருக்குப் போதவில்லை.

தாளாளர் பட்டுச் சேலை வியாபாரி. ஊரில் அறுபது தறிகள் அவருக்காக ஓடின. 1972 ஜூன் மாதம் அவர் ராஜகோபாலைக் கடைக்கு வரவழைத்து, மெத்தையில் உட்காரவைத்து, மோர் கொடுத்தார். அவர் மோர் கொடுத்தால் நல்ல சேதி இல்லை என்பது பள்ளியில் எல்லா வாத்தியார்களுக்கும் தெரியும்.

“மாஸ்டர், டிரில்லுன்னு தனியா ஒரு போஸ்ட் எதுக்குன்னு கமிட்டியில கேக்கறாங்க. பசங்க கை கால ஆட்டறதுக்கு ஒரு வாத்தியாரா, அந்த எடத்துல ஒரு தையல் டீச்சரப் போடலாமேங்கறாங்க. நான் இன்னான்னு பதில் சொல்றது?”

“உடம்புன்னு ஒண்ணு நல்லா இருந்தாத்தானே ஐயா...”

“அதெல்லாம் சரி. உங்க டிரில்லால இந்த ஊருக்கு ஆச்சுன்னு ஏதாவது ஒண்ணு காட்டுங்க. ஆகஸ்ட்டுல சுதந்திர வெள்ளி விழா வருது. அதுக்குள்ள காட்டுங்க. அப்பால கமிட்டிய நான் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி தேவகி, “இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“மோர் குடுத்தாரு.”

தேவகி அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மூன்று நாள் யோசித்து ராஜகோபால் மாரத்தான் என்று முடிவு செய்தார். பந்து வேண்டாம், வலை வேண்டாம், மைதானம்கூட வேண்டாம். சாலையும் கால்களும் போதும். இரண்டும் ஊரில் நிறைய இருந்தன.

“நாப்பத்திரண்டு கிலோமீட்டரா? அவ்ளோ தூரம் ஓடினா செங்கல்பட்டே வந்துடுமே,” என்றாள் தேவகி.

“வராது. ராஜ வீதிங்களையே சுத்திச் சுத்தி ஓடணும்.”

“எங்கியும் போவாததுக்கு எதுக்குங்க ஓடணும்?”

அவர் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய ஆங்கில விளையாட்டு விதிப் புத்தகம். நாற்பது பக்கம் வரைக்கும் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்த நாற்பதுக்குள் இருந்த எதற்கும் அவரிடம் விலக்கு கிடையாது.

கோயில்களை நடுவில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் ஓடும் ராஜ வீதிகளைப் புருஷனும் பெண்டாட்டியும் விடியற்காலையில் டேப் வைத்து அளந்தார்கள். அவர் முன்னால் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க, தேவகி மறுமுனையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். முப்பது மீட்டர் டேப், நூறு தடவை, அதற்கு மேல் பதினான்கு மீட்டர். பதினான்கு சுற்று ஓடினால் மாரத்தான் தூரத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாக வந்தது. கூடுதல் இருக்கலாம், குறையத்தான் கூடாது என்று ராஜகோபால் திருப்திப்பட்டார். வழியில் பால்காரர் நின்று, “இன்னா மாஸ்டர், தெருவ விக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் இருவரும் கவனிக்கவில்லை. கோயிலை வலது கைப் பக்கமாக வைத்துக்கொண்டே அளந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்திருந்தார்கள். அதில் கவனிக்க ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நெசவாளிகள். தாளாளரின் தறியில் நெய்யும் அர்ஜுனன் அதில் ஒருவன். மார்க்கெட் மூட்டைக்காரர்கள் நாலு பேர். அரிசி மில்லில் வேலை செய்யும் தாவீது கூரத்திலிருந்து வந்திருந்தான். வேலைக்குத் தினமும் ஓடியே வருகிறவன் அவன், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன். எட்டாம் வகுப்பு வரை ராஜகோபாலிடம் டிரில் படித்திருந்தான். லெஃப்ட் டர்ன் என்றால் இடது பக்கம் திரும்புகிற ஒரே மாணவன் என்று ராஜகோபாலுக்கு அவனை ஞாபகம் இருந்தது.

சுற்று எண்ணும் வேலை தேவகிக்கு. ஒரு பெஞ்சின் மேல் பதினேழு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தாள். ஒருவர் தெருவின் குறுக்கே போட்டிருந்த கோட்டைத் தாண்டும்போது அவர் பெயரில் ஒரு புளியங்கொட்டை விழும்.

ஓட்டக்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் தாங்களாகவே வரிசையாக நின்றார்கள். கோயில் வலது கைப் பக்கம் இருந்தது.

“எல்லாரும் அந்தாண்ட திரும்பி நில்லுங்கப்பா. இடது கைப் பக்கம் கோயில் வரணும். ஓடறவனோட இடது கை உள்பக்கம் இருக்கணும்னு ரூல்.”

யாரும் அசையவில்லை. முனுசாமி என்ற மூட்டைக்காரர்தான் வாயைத் திறந்தார்.

“சார், அது ரிவர்ஸா சுத்தறதா ஆவுமே.”

“ஆவட்டும். உலகம் பூரா அப்படித்தான் ஓடறாங்க.”

“உலகத்துல நடுவுல அம்மன் கோயில் இருக்குதா சார்?”

இட்லிக் கடை பொன்னியம்மாள் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, “சாவு வூட்லதான்யா அப்படிச் சுத்துவாங்க. விடிஞ்சதும் விடியாததுமா இன்னா வேலை இது!” என்று சத்தம் போட்டாள்.

“ஓடணும்னா இப்படித்தான் ஓடணும். மாத்தி ஓடறவன் அவுட்டு,” என்று சொல்லி ராஜகோபால் விசிலை ஊதினார்.

பதின்மூன்று பேர் கோயிலை வலம் வந்தார்கள். நாலு பேர் மாஸ்டர் கை காட்டிய பக்கம் போனார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் முதல் சுற்று முடிவதற்குள் கட்சி மாறினார்கள். அதில் ஒருவரை மேற்கு ராஜ வீதியில் மாமியார் பார்த்துவிட்டாள். ராஜகோபால் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். விசிலுக்குத் திரும்பிப் பார்த்தவர்கள் கையை ஆட்டினார்கள், உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து.

இரண்டாவது சுற்றில் தாவீது மட்டும் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தான்.

“டேய் தாவீது, வூட்டுக்குப் போற வழி அது இல்லடா!” என்று எதிரே வந்தவர்கள் கத்தினார்கள்.

“சார் சொன்ன பக்கம் போறேன். ஒத்துப்பா, ஒத்து!”

ஒரு சுற்றில் ஒவ்வொருவரையும் அவன் இரண்டு தடவை நேருக்கு நேர் சந்தித்தான். அவர்கள் கூட்டமாக வந்தார்கள், அவன் ஒதுங்கினான். பால் வண்டியும் அந்தத் திசையில்தான் வந்தது, அதற்கும் ஒதுங்கினான். வேடிக்கை பார்க்கிறவர்கள் வலம் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து நின்றதால், முதுகுகளுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டியிருந்தது. ஐந்தாவது சுற்றில் பொன்னியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு தெருவில் இறங்கி, “ரிவர்ஸ்ல ஓடினாலும் தொண்டை காயத்தானே செய்யும், இந்தா,” என்று நீட்டினாள்.

யார் முன்னால், யார் பின்னால் என்று தெருவில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. கொட்டாங்கச்சிக்கு மட்டும் தெரிந்தது. எட்டு மணிக்கு அர்ஜுனன் பெயரில் பத்துக் கொட்டை, தாவீது பெயரில் பத்துக் கொட்டை. மற்ற எல்லாரும் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில். ஏழு பேர் இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

எட்டரைக்குத் தாளாளர் மாலையோடு காரில் வந்தார். மைக் செட்டுக்காரர் எழுந்து நின்றார். தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாஸ்டர், இந்த ஒருத்தன் மட்டும் எதிர்ல எங்க போறான்?”

“ஐயா, அவன் ஒருத்தன்தான் ரூல்படி ஓடறான்.”

“அப்ப நம்ம அர்ஜுனன்?”

“அவுட்டுங்க ஐயா.”

தாளாளர் குரலை உயர்த்தவில்லை. “அம்பாள வலம் வந்தவன் அவுட்டு, அப்பிரதட்சிணமா வந்தவன் ஃபர்ஸ்ட்டு. இத நான் கமிட்டியில சொல்லணுமா மாஸ்டர்?”

“புக்குலயே இருக்குதுங்க ஐயா. எடுத்துக் காட்டறேன்.”

காட்டுவதற்காகத்தான் புத்தகத்தைத் திறந்தார். முப்பத்தோராம் பக்கத்தில் சிவப்புக் கோட்டுக்கு மேல் இடது கை விதி இருந்தது. தாளாளருக்குப் புரியும்படி அத்தியாயத்தின் தலைப்பையும் காட்டலாம் என்று இரண்டு தாள் பின்னோக்கிப் புரட்டினார். மைதான ஓட்டங்கள் என்று தலைப்பு. மாரத்தான் எங்கே என்று தேடிக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், கோடு விழாத இடத்தில், சாலை ஓட்டங்கள் என்று அரைப் பக்கம் இருந்தது. தூரம் சொல்லியிருந்தது. சாலையின் தரம் சொல்லியிருந்தது. தண்ணீர் கொடுக்க வேண்டிய இடங்கள் சொல்லியிருந்தது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம்.

மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் இல்லை.

“இன்னாங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றாள் தேவகி, கையில் புளியங்கொட்டையோடு.

அவர் விரலால் அந்த இடத்தைக் காட்டிச் சொன்னார். தேவகிக்கு இங்கிலீஷ் தெரியாது. விஷயம் தெரிந்தது.

“அப்ப அர்ஜுனனும் சரியாத்தான் ஓடறான். பேசாம அவனுக்கே குடுத்துடுங்க. பெரியவருக்கும் சந்தோஷம், வேலையும் நெலைக்கும்.”

“தாவீது?”

தேவகி தெருவைப் பார்த்தாள். தாவீது பதின்மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு வந்தான். அவன் பெயரில் ஒரு கொட்டையைப் போட்டாள்.

“முதலாளி ஆளுக்காக ரூலை மாத்திட்டாங்கன்னு நெனச்சுக்குவான்,” என்றார் ராஜகோபால். “எனக்கு ரூலே தெரியலன்னு சொன்னாத்தான் அவனுக்கு வெளங்கும். அப்படிச் சொன்னா, ரூல் தெரியாதவனுக்குப் போஸ்ட் எதுக்கும்பாரு பெரியவரு.”

“ஆமா, கேப்பாரு,” என்றாள் தேவகி. நிற்க நேரமில்லை, அடுத்த ஆள் கோட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

அர்ஜுனன் மூன்று மணி இருபத்தாறு நிமிடத்தில் முடித்தான். இரண்டு நிமிடம் கழித்து, எதிர்ப் பக்கத்திலிருந்து தாவீது வந்து கோட்டைத் தாண்டினான். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரூல்படி ஓடியவன் தான் ஒருவனே என்று அவனுக்குத் தெரியும்.

மைக்கை ராஜகோபாலிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு தாளாளரைப் பார்த்தார், தாவீதைப் பார்த்தார், தேவகியைப் பார்க்கவில்லை.

“காலையில எல்லாரையும் இடது பக்கமா ஓடச் சொன்னேன். அது தப்பு. தப்பு என்னோடதுதான்.”

கைதட்டல் எழுந்தது. நெசவாளிகள் விசிலடித்தார்கள். பொன்னியம்மாள் கரண்டியால் இட்லிக் குண்டானைத் தட்டினாள். ராஜகோபால் தொடர்ந்து பேசினார். சாலை ஓட்டத்துக்குத் திசையே கிடையாது, மைதான விதியைக் கொண்டுவந்து தெருவில் போட்டது தான்தான், எந்தப் பக்கம் ஓடியிருந்தாலும் சரிதான், தாவீது தன் பேச்சைக் கேட்டதால் அத்தனை பேருக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட வேண்டியதாயிற்று, அதற்குத் தானே பொறுப்பு, முதல் பரிசு அர்ஜுனனுக்கு என்றெல்லாம் சொன்னார். கைதட்டல் ஓய்ந்தபோது கடைசி வரி மட்டும் மிச்சமிருந்தது. அதற்கும் தட்டினார்கள்.

தாளாளர் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

“சாமி விஷயத்துல தப்ப இத்தனை பேர் முன்னால ஒத்துக்கறதுன்னா சும்மாவா? டிரில்லால ஊருக்கு ஆச்சுன்னா இதுதான் மாஸ்டர். கமிட்டிய விடுங்க, உங்க போஸ்ட்ட எவனும் தொட முடியாது.”

“ஐயா, நான் சொன்னது சாமி விஷயம் இல்லீங்க. அறுபத்து மூணாம் பக்கத்துல...”

“அறுபத்து மூணா! நாயன்மார் கணக்குல வருது பாருங்க,” என்று தாளாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

ராஜகோபால் மறுபடி வாயைத் திறந்தார். தேவகி முடிவுத் தாளையும் பேனாவையும் அவர் கையில் திணித்து, “ஐயாகிட்ட கையெழுத்து வாங்குங்க முதல்ல,” என்றாள். அவர் வாங்கினார்.

தாவீது தெருவோரம் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குவளை மடியில் இருந்தது. ராஜகோபால் அவனிடம் போய், மைக்கில் சொன்னதை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

“கேட்டுச்சு சார். ஒலிபெருக்கிக்குக் கீழதான் நின்னுக்கினு இருந்தேன்.”

“ம்.”

“நானும் அந்தப் பக்கமா ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேனா சார்?”

ராஜகோபால் யோசித்தார். ஜெயித்திருப்பாய் என்று சொல்ல வாய் வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை தடவை ஒதுங்கினான், ஒதுங்குவதற்கு எத்தனை எட்டு என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது, கொஞ்சம் கீழேயும் வந்தது.

“தெரியலப்பா,” என்றார்.

தாவீது குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மில்லுல கேப்பானுங்க. ஏன்டா நீ மட்டும் ரிவர்ஸ்ல ஓடினேன்னு.”

“நான்தான் சொன்னேன்னு சொல்லு.”

“அதத்தான் சொல்லப் போறேன்.” குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்த வருஷம் வெப்பீங்களா சார்?” என்றான்.

“போஸ்ட் இருக்குது. வெப்பேன்.”

“அப்ப புக்க மொத்தமாப் படிச்சிட்டு வையுங்க சார்.”

“சரி,” என்றார் ராஜகோபால்.

தாவீது எழுந்திருக்கப் பார்த்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ராஜகோபால் கால்சட்டை மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் உட்கார்ந்து, அவன் காலை இழுத்துத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு, குதிகாலிலிருந்து மேல் நோக்கி நீவத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தாவீது வலி பொறுக்காமல், “மெதுவா சார், மெதுவா,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.