சாமியைக் காணோம்!

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். உடம்புக்கு ஏதாவதா என்று ஒரு வாசகி கவலைப்பட்டிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா... உள்ளங்கால் மட்டும்தான் இல்லை. அதை சோளிங்கர் ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்காக ஆரணியிலிருந்து திருத்தணிக்கு நடந்தே போனோம். எட்டு மாதக் குழந்தையோடு!

நடப்பது எங்கள் ஊரில் பெரிய விஷயமில்லை. ஆடி பிறந்தால் பாதிப் பேர் மஞ்சள் துணிக்கு மாறிவிடுவார்கள். தறியை நிறுத்திவிட்டு நடப்பவர்கள், கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு நடப்பவர்கள், மச்சானை நம்பாமல் கடையைப் பூட்டிவிட்டே நடப்பவர்கள்... என் பக்தி வேறு மாதிரி. மொபெட்டில் ஊர் எல்லை வரை போய், எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, திரும்பும்போது டிபன் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இந்த வருஷம் அது நடக்கவில்லை. காரணம், குழந்தை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, என் தலை முக்கால்வாசி வெளுத்த பிறகு எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, "தாத்தா, உங்க பையனைக் கூப்பிடுங்க. பொண்ணு பொறந்திருக்கு" என்றார். நான்தான் அந்தப் பையன் என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேண்டுதல் என் மனைவி சாந்தியுடையது. குழந்தையை வண்டியில் ஏற்றக்கூடாது. கிளம்பியதிலிருந்து மண்ணில் இறக்கக்கூடாது. கையிலேயே தூக்கிப் போய் சன்னதியில்தான் தரையில் விட வேண்டும். பெயரும் அங்கேதான் வைக்க வேண்டும். அதுவரை வெறும் 'பாப்பா'.

"வேண்டிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன்.

"கொழந்தைய நீங்களா குடுத்தீங்க? குடுத்தவர்கிட்ட பேசிக்கினேன்" என்றாள்.



எங்கள் டாக்டராவது தடுப்பார் என்று ஓடினேன். "தாய்ப்பால் குடிக்குது. வெயில் படாம மூடி எடுத்துகினு போங்க. ஒண்ணும் ஆகாது" என்றார். "இல்ல டாக்டர்... தூசி... லாரி... கூட்டம்..." என்று இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நீட்டி, எனக்கு பிரஷர் பார்த்தார்.

சரி, போவதென்று ஆனபின் ஒரு தகப்பன் எப்படித் தயாராக வேண்டும்? தெர்மாமீட்டர், கிரைப் வாட்டர், ஃபிளாஸ்க், கொசுவலை, ஒரு மூட்டை துணி. புதிதாக வாங்கிய செல்போன் வேறு. ஆற்காடு தாண்டியதும் அதில் சிக்னல் போய்விட்டது. அப்புறம் மணி பார்க்க உதவியது.

இது தவிர ஆரணிக்காரன் புத்தி ஒன்று உண்டல்லவா? நமக்கோ புடவைக்கடை. நம் குழந்தைக்கு நூல் துணியிலா தூளி? நெசவில் ஜரிகை தப்பாக விழுந்து விற்காமல் கிடந்த ஒரு பட்டுப் புடவையை எடுத்து, கழுத்தில் முடிச்சுப் போட்டு, மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் பட்டில் முடிச்சு நிற்குமா? வாழ்நாளெல்லாம் பட்டு விற்றவனுக்கு அது தெரிய வேண்டாமா? மார்பில் இருந்தவள் வயிற்றுக்கு வந்தாள். வயிற்றிலிருந்து தொடைக்குக் கிளம்பினாள். சாந்தி பாய்ந்து வந்து பிடித்தாள்.

பட்டு, மூட்டைக்குள் போனது. சாந்தியின் பழைய நூல் புடவை வெளியே வந்தது. குழந்தை என்னிடமிருந்து சாந்தியிடம் போனாள். சாந்தியிடமிருந்து ஊராரிடம்!

ஆமாம். நடைக் கூட்டத்தில் குழந்தை என்றால் அப்படித்தானாம். "இப்படிக் குடு சாமி, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்" என்று ஆளாளுக்குக் கை நீட்டுகிறார்கள். தூக்கினால் புண்ணியம். மாலை போட்டவர்களுக்குள் பெயர் கிடையாது, எல்லோரும் சாமிதான். டைலர் சாமி, டீக்கடை சாமி, கூட்டத்தை நடத்திப் போகிற சைக்கிள் கடைக்காரர் குருசாமி. என் குழந்தை குட்டி சாமி.

நான்? முதலில் துணிக்கடை சாமியாகத்தான் இருந்தேன்.

"சாமி, லாரி வருது, உள்பக்கமா வாங்க!"

"சாமி, அந்த சாமி கை கழுவினாரா?"

"சாமி, தலையைப் பிடிங்க... தலை, தலை!"

முதல் நாள் சாயங்காலமே குருசாமி என் பெயரை மாற்றிவிட்டார். "யோவ் பேஜார் சாமி! கொழந்த சிரிச்சிகினு வருது. நீ ஏன் அழுதுகினு வரே?" கூட்டமே சிரித்தது. அதிலிருந்து நான் பேஜார் சாமிதான்.

கடைசி நாள். சோளிங்கரைத் தாண்டிவிட்டோம். இங்கேதான் எல்லாப் பக்கத்து நடைக் கூட்டமும் ஒன்றாகக் கலக்கிறது. ரோடு முழுக்க மஞ்சள். ஒரு மோர்ப் பந்தலில் நின்றோம். மோர் நன்றாக இருந்தது. நான் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கி, நிழலில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். (அந்த இரண்டாவது டம்ளரை இன்றுவரை மன்னிக்கவில்லை.) திரும்பிப் பார்த்தால் சாந்தி ஓரமாக உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். மடி காலியாக இருந்தது.

"பாப்பா எங்கே?"

"உங்ககிட்டதானே இருந்தா?"

"நான் டைலர் சாமிகிட்ட குடுத்தேன். நீ வாங்கலையா?"

"நான் எங்கங்க வாங்கினேன்?"

அவள் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பு எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக லேப் ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பார்த்த வெளுப்பு. அதற்குமேல் என் மூளை வேலை செய்யவில்லை. வாய் மட்டும் வேலை செய்தது.

"சாமியைக் காணோம்! சாமியைக் காணோம்!"

குருசாமி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். எங்கே? வேலும் முருகன் படமும் வைத்திருந்த மூன்று சக்கர வண்டிக்கு! தொட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். "வேல் இங்கதான் கீது சாமி! படமும் கீது!"

"அந்த சாமி இல்ல சாமி, எங்க சாமி!"

"எந்த சாமி? டீக்கடை சாமியா? மரத்தாண்ட ஒதுங்கியிருப்பாரு, வந்துடுவாரு."

"குட்டி சாமி!"

மைக் செட்டை யாரோ நிறுத்தினார்கள். டைலர் சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான்... மோர் வாங்கசொல்ல கண்ணாடி போட்ட சாமிகிட்ட குடுத்தேன்."

எங்கள் கூட்டத்தில் கண்ணாடி போட்ட சாமி யாரும் இல்லை.

"பெரணமல்லூர் கூட்டம் நம்மளோட நின்னுகினு இருந்துச்சே" என்றார் குருசாமி. "முன்னாடி பூட்டாங்க. ஜல்தியா போ சாமி!"

ஓடினேன். பஸ்ஸுக்குக்கூட ஓடாதவன், மத்தியான வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு ஓடினேன். பெரணமல்லூர் கூட்டம் இல்லை என்றால்? கண்ணாடி போட்டவன் மாலை போட்டவனே இல்லை என்றால்? பெயர்கூட இல்லாத குழந்தையை என்ன சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவது? இதைத்தான் யோசித்துக்கொண்டு ஓடினேன். முருகன் பெயர்கூட வாயில் வரவில்லை.

கடைசி வரிசையில் கண்ணாடி தெரிந்தது. சட்டையைப் பிடிக்கலாம் என்றால் சாமி சட்டை போடவில்லை.

"கொழந்தையா? என்கிட்ட சிரிச்சிகினேதான் வந்துச்சு. அந்தக் காவடி சாமிகிட்ட குடுத்தேன்."

காவடி சாமி, "காவடி தூக்கசொல்ல அந்தம்மாகிட்ட குடுத்தேனே" என்றார்.

அந்தம்மா, "வாழப்பழம் மசிச்சு ஊட்டுனேன், சமத்தா தின்னுச்சு. சித்ரா வாங்கிகினு போனா" என்றார். கை கழுவினீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

கூட்டத்தின் முன்னால் ஒரு இளம்பெண் குடை பிடித்துக்கொண்டு போனாள். அவள் தோளில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து கையை நீட்டினேன். அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"யாரு நீங்க?"

"குழந்தை... என் குழந்தை..."

"பேத்தியா?"

"பொண்ணு!"

மேலும் கீழும் பார்த்தாள். மாலை போட்டதிலிருந்து எடுக்காத வெள்ளைத் தாடி, உடம்பெல்லாம் புழுதி, நாய் மாதிரி இரைக்கிற மூச்சு. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"கொழந்த பேரு இன்னா, சொல்லுங்க."

"பேரு... இன்னும் வைக்கல."

கூட்டம் கூடிவிட்டது. "எட்டு மாசம் இருக்கும், பேரு வைக்கலையாம்! கேளுங்கடா கதைய!" அந்தப் பெண்ணின் புருஷன் என் தோளில் கை வைத்தான். கனமான கை. "சரி பெரியவரே, அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க."

ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டே இருந்த முகம். அந்த நிமிஷம் ஒரு மச்சம்கூட ஞாபகம் வரவில்லை. "பல் இல்லை" என்றேன்.

"எங்க தெருவுல எல்லாக் கொழந்தைக்கும்தான் பல்லு இல்ல."

சத்தத்தில் குழந்தை விழித்தாள். என்னைப் பார்த்தாள். தாடி வளர்த்ததிலிருந்து என்னைப் பார்த்தால் என்ன செய்வாளோ, அதையே செய்தாள். வீல்!

"பாத்தியா? கொழந்தையே பயப்படுது!" "புள்ள புடிக்கறவன்யா இவன்!"

"ஐயோ இல்லீங்க! ஆரணியில புடவைக்கடை வச்சிருக்கேன். பத்திரிகையில எழுதறேன்!"

"இன்னா எழுதறே?"

"நகைச்சுவையா..."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் சாந்தி வந்தாள். முள் குத்திய காலை இழுத்து இழுத்து ஓடி வந்தாள். குடைக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கைகள் அவளை நோக்கித் தாவின. அவளிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

ரோட்டோரமே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அழுதாள். நானும் அழுதேன். பின்னால் வந்து சேர்ந்த டைலர் சாமி எங்கள் இருவரையும்விட அதிகமாக அழுதார்.

சித்ரா எதிரிலேயே நின்றாள். கை மட்டும் குழந்தையைத் தாங்கிய மாதிரியே மடங்கியிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. எங்க கூட்டத்துக் கொழந்தன்னுதான் நெனச்சேன்."

"எம்மா நேரமா தூக்கிகினு வந்தே?"

"தெரிலக்கா. யாரும் திருப்பிக் கேக்கல." குரல் இறங்கியது. "நானும் குடுக்கல."

அவள் தோளில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து ஒரு மரத்தொட்டிலின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுத் தொட்டில். கோயில் மரத்தில் கட்டுகிற தொட்டில். சாந்தி அதைப் பார்த்தாள். சாந்தி பார்ப்பதை நான் பார்த்தேன். அந்த மாதிரித் தொட்டில்களை எங்கள் வீட்டுக்கு நானே வாங்கி வந்திருக்கிறேன். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா?

எனக்கு சாந்தியைத் தெரியும். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் குழந்தையை ஒருமுறை இறுக்கி அணைத்துக்கொண்டதைச் சத்தியமாகப் பார்த்தேன்.

"மலை வரைக்கும் நீயே தூக்கிகினு வரியாம்மா?" என்றாள் சாந்தி.

"சாந்தி..." என்றேன்.

"நீங்க சும்மா வாங்க, பேஜார் சாமி!"

மிச்ச தூரம் எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். குடைக்குப் பின்னாலேயே, கண் சிமிட்டாமல் நடந்தேன். சித்ரா ஒருமுறை திரும்பி, "தாத்தா... இல்ல, சார்... முன்னாடி வந்துடுங்க. பின்னாடியே வர்றது பயமா கீது" என்றாள்.

நடக்க நடக்க ஒன்று உறைத்தது. யாரிடமும் கொடுக்காமல் இருந்தால் குழந்தை பத்திரம் என்பதுதானே என் கணக்கு? கண்ணாடி சாமி, காவடி சாமி, வாழைப்பழத்து அம்மா, சித்ரா... என் பெயரோ குழந்தை யாருடையதென்றோ தெரியாத கைகள். தூக்கினார்கள், ஊட்டினார்கள், தூங்கவைத்தார்கள். தொலைந்துபோயிருந்த நேரத்திலும் அவள் கால் மண்ணில் படவில்லை. வேண்டுதலை நிறைவேற்றியது அவர்கள்தான். வழியில் அவளைக் கீழே விடப் பார்த்தது ஒன்றே ஒன்று — என் பட்டுப் புடவை!

சன்னதியில் சித்ராதான் அவளைத் தரையில் இறக்கினாள். வள்ளி என்று பெயர் வைத்தோம். காதில் நான் ஒருமுறை சொன்னேன், சாந்தி ஒருமுறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்ல சாந்தி யாரைக் கூப்பிட்டாள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மரத்தொட்டிலை மரத்தில் கட்டும்போது முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன். நூல் கயிறுதான்... நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளியின் சட்டை ஒவ்வொன்றிலும் அவள் பெயரைச் சிவப்பு நூலில் தைத்து வைத்தாள் சாந்தி. என் சட்டைகளையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை போதும் — 'அப்பா'.