கவிழ்த்து வைத்த டம்ளர்

அது ஒரு எவர்சில்வர் டம்ளர். விளிம்பு லேசாக நசுங்கியிருக்கும். பக்கவாட்டில் ஹோட்டலின் பெயரைத் தெலுங்கில் புள்ளி புள்ளியாகப் பொறித்திருப்பார்கள். அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் வருகிறது என்று அர்த்தம். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. திருப்பதி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்த அந்த ஹோட்டலில், தினமும் வருகிற வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சப்ளையர் செய்து வைத்த மரியாதை அது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கவிழ்த்த டம்ளருக்கு முன்னால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நானும் என் ரயில் சிநேகிதி நர்சம்மாவும் உட்கார்ந்தோம். தெரியாமல்தான் உட்கார்ந்தோம். ஆனால் தெரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் கைபேசியில், பழைய திருப்பதி, சித்தூர்க்காரர்கள் சேர்ந்திருக்கும் ஒரு குழுவில், யாரோ அந்த ஹோட்டலின் புகைப்படத்தைப் போட்டார்கள். அன்று முழுக்க ஒரே புலம்பல். அந்த இஞ்சிச் சட்னி மாதிரி வருமா என்றார் ஒருவர். சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் இருந்த டீக்கடையில் மணிக்கணக்கில் அரசியல் பேசியதை ஒருவர் எழுதினார். பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்றால் இறங்கி ஓடிப்போய் வடை வாங்கியதை இன்னொருவர். எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு எரிச்சல் மூண்டது. அந்த மரத்தடி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா இவர்கள்? பாகாலாவில் நாங்கள் ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து கையை நீட்டித்தான் வடை வாங்கினோம். "அந்த ஹோட்டலில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டு எழுதினேன். ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். மற்றவர்கள் அடுத்த புகைப்படத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லாததை நான் எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் புத்தூர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கரும்பும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சாமான் வாங்க மாதம் ஒருமுறை திருப்பதிக்குப் போவார். போனால் அந்த ஹோட்டலில் சாப்பிடாமல் திரும்ப மாட்டார். வீட்டுக்கு வந்து அந்த மசால் தோசையின் முறுகலை எங்களுக்குச் சொல்லிக் காட்டுவார். வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகும்போது எங்களையும் அங்கே கூட்டிப்போவார். உள்ளே நுழைந்ததும் அவர் ஹாலில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார். அம்மாவையும் என்னையும் கடைசியில் இருந்த ஃபேமிலி ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் பச்சைத் திரை. உள்ளே ஒரு மஞ்சள் பல்பு, கை கழுவுகிற தொட்டியின் ஈரவாடை, நான்கு மேசைகள். ஹாலில் சிரிப்பும் பேச்சும் ரேடியோவும் கேட்கும். எங்களிடம் தோசை வருவதற்குள் அதன் முறுகல் போயிருக்கும். நைனா சொன்ன தோசை வேறு, நாங்கள் தின்ற தோசை வேறு என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது.

படிப்பு முடிந்து, திருப்பதியில் ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எலும்பு முறிந்தால் ஊர் உலகமெல்லாம் கட்டுப்போட புத்தூருக்கு வரும்போது, புத்தூர்க்காரி எலும்பைப் படம் பிடிக்கத் திருப்பதிக்கு வந்திருக்கிறாளே என்று அங்கே எல்லோரும் கேலி செய்வார்கள். காலையில் ரயிலில் போய் மாலை பாசஞ்சரில் திரும்ப வேண்டும். அந்த ரயிலில்தான் நர்சம்மா பழக்கமானாள். நகரிப் பக்கம். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். எல்லோரும் கூப்பிட்டதைப் போல நானும் அவளை நர்சம்மா என்றே கூப்பிட்டேன். எங்கள் இருவருக்கும் வேலை ஐந்து மணிக்கு முடியும். வண்டி ஆறரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தை வைக்க எங்களுக்கு ஊரில் ஓர் இடம் கிடையாது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் எவனாவது வந்து, எந்த ஊர், எத்தனை மணி வண்டி என்று ஆரம்பிப்பான். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால் கெஞ்சும். பசி வேறு.

அப்படி ஒருநாள் அந்த ஹோட்டலுக்குள் நுழைந்தோம். ஃபேமிலி ரூமில் ஒரு கல்யாண கோஷ்டி நிறைந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை காலியாகவே இருந்தது. மேலே இரண்டு டம்ளர்கள் கவிழ்த்துக் கிடந்தன. கழுவிக் காயவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தோம். திரைக்குள்ளேயே உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு ஹாலின் சட்டம் எப்படித் தெரியும்? நர்சம்மா போய் உட்கார்ந்து, டம்ளரை நிமிர்த்தி, ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். பலமனேர்க்காரரான சப்ளையர் தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

"அம்மா, இங்க ஆளு வருதுமா."

"அதான் வந்துட்டோமே," என்றாள் நர்சம்மா. "ரெண்டு காபி."

மேசைக்கு உரிய வக்கீல்கள் இருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். பொறுமையான மனிதர்தான். "ஹால்லோ லேடீஸ் கூர்ச்சோகூடதம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்து, பெண்கள் ஹாலில் உட்காரக் கூடாது என்பதை எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். உங்கள் மரியாதைக்குத்தானே திரை போட்டிருக்கிறோம் என்றார். நர்சம்மா குரலை உயர்த்தவில்லை.

"காலைலேந்து முப்பது ஆம்பளைக்கு ஊசி குத்திட்டு வந்துகீறேன். ஒருத்தனும் நடுவுல திரை போடுன்னு கேக்கல. காபி குடிக்கத்தான் திரை வோணுமா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. இந்த மேசைக்கு எதுவும் தரக்கூடாது என்று சப்ளையரிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். போகலாம் என்று ஜாடை காட்டினேன். "கால் வலிக்குது, ஒக்காரு," என்றாள். வண்டி நேரம்வரை வெறுமனே உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். எங்களுக்கு ஒன்றும் வராது. நாங்கள் போவதற்கு முன்பே வக்கீல்கள் இருந்தால் வேறு மேசையில் உட்காருவோம். யாராவது விட்டுப்போன தெலுங்குப் பேப்பரை நர்சம்மா எடுத்து விரித்துக்கொள்வாள். பக்கத்து மேசைகளில் தோசை போகும், வரும். பசியோடு அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் போனோம்.

ஏழெட்டு நாளில் செய்தி புத்தூருக்குப் போய்விட்டது. சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். அப்போது சித்தூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நாலு ஆம்பளைங்க நடுவுல ஒக்காந்துகினு கீறியாமே. சித்தூருக்காரங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நீ ஒக்காந்து துன்ன எடம்தான் நைனா," என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

இன்னொரு முறை காதில் விழுந்தால் வேலைக்கே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற மனிதர் இல்லை. மறுநாள் ரயிலில் நர்சம்மாவிடம் சொன்னேன். வேண்டுமானால் நீ பிளாட்பாரத்தில் இரு, நான் போகிறேன் என்றாள். அப்படி விட்டுக்கொடுத்துப் பேசியதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. வேலை போனால் போகட்டும் என்று நானும் போனேன். உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, வாசலில் நைனா நின்றார். கையில் மோட்டார் பெல்ட் சுற்றிய பொட்டலம்.

ஹாலில் ஒரு இடமும் காலி இல்லை. எங்கள் மேசையில் மட்டும் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. எங்களோடு சேர்ந்து உட்கார அந்தப் பத்து நாளாக எவரும் துணியவில்லை. நைனா சுற்றிலும் பார்த்தார். முதலாளி அவரை அடையாளம் கண்டு சிரித்தார். கையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நர்சம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி எதிர்ப் பக்கம் தள்ளினாள். "வெயில்ல வந்துகீறீங்க. ஒக்காருங்க," என்றாள்.

நைனா உட்கார்ந்தார். மூன்று மசால் தோசை என்றார். சப்ளையர் கல்லாவைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், உள்ளே போனார். தோசை வந்தது. நைனா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார். நானும் தின்றேன். முறுகல் அப்படியே இருந்தது. அவர் பல வருஷமாகச் சொன்னது பொய் இல்லை. எழுந்து கல்லாவுக்குப் போனபோது முதலாளி தாழ்ந்த குரலில் என்னைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நைனா இடைமறித்தார்.

"சட்னில உப்பு ஜாஸ்தியா கீது. மொதல்ல அத்த பாரு."

இதை வைத்து நைனாவைப் பெரிய சீர்திருத்தக்காரர் ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவர் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார். வீட்டில் அம்மாவை அவர் கடைசிவரை தனியாகத்தான் சாப்பிட வைத்தார். அத்தனை பேர் பார்க்க, தன் பெண் காலி மேசையில் பசியோடு உட்கார்ந்திருந்தது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் வேலையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. சித்தூர்ச் சம்பந்தம் நின்றுபோனது. அவர்கள் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக ஜன்னலோர மேசையை விட்டுக்கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன்.

நைனா வந்துபோன மறுநாள் கேட்காமலே இரண்டு காபி வந்தது. முதலாளி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். துணிக்கடைப் பெண்கள் மூன்று பேர் ஒருநாள் வாசலில் தயங்கி நின்று, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பிறகு கல்லூரிப் பெண்கள். மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம் நாங்கள் நுழைந்தபோது ஹால் நிரம்பி வழிந்தது. வக்கீல்களின் ஜன்னலோர மேசைக்கு அடுத்ததில் இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அங்கே உட்காரப் போன ஒரு பெரிய மனிதரைச் சப்ளையர் கைநீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆளு வருது சார்," என்றார்.

எங்களைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சம்பளம் வாங்கிய முதல் நாள்கூட எனக்கு அப்படி ஒரு நிமிர்வு இருந்ததில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பச்சைத் திரையைக் கழற்றினார்கள். ஃபேமிலி ரூமில் அரிசி மூட்டைகளை அடுக்கினார்கள்.

ஆகையால் அந்த ஹோட்டல் போய்விட்டதே என்று யாரும் என்னிடம் வந்து அழ வேண்டாம். எனக்கும் அந்தக் காபி பிடிக்கும். உங்களுக்கெல்லாம் கதவைத் திறந்ததும் கிடைத்த நாற்காலி எனக்குப் பட்டினி கிடந்து கிடைத்தது. அதனால் உங்களைவிட எனக்குத்தான் அது அதிகச் சொந்தம். திரையோடு சேர்த்துத்தான் நான் அதை நினைப்பேன்.

இப்போது அந்த இடத்தில் பக்தர்களுக்கான லாட்ஜ் இருக்கிறது. கீழ்த்தளத்தில் டோக்கன் வாங்கிச் சாப்பிடும் கடை. சப்ளையர் கிடையாது. பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், உட்கார நான்கே மேசைகள். நர்சம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் இன்னும் எலும்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒருநாள் அவள் முழங்காலை டாக்டரிடம் காட்ட நகரியிலிருந்து வருவாள். ஐந்து மணிக்கு அங்கே சந்திப்போம்.

போன வாரம் நான் முதலில் போய்விட்டேன். ஒரு மேசையைப் பிடித்து, எதிர் இடத்தில் ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். துடைக்க வந்த பெண் அதைக் குப்பை என்று எடுக்கப் போனாள். வேண்டாம் என்றேன். தட்டோடு ஒரு இளைஞன் வந்து நாற்காலியில் கைவைத்தான்.

"ஆளு வருது," என்றேன்.

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். நிற்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசலில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அவன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். அவள் பையை மேசைமேல் வைத்தாள், உட்கார்ந்தாள், காலை நீட்டிக்கொண்டாள், டம்ளரை நிமிர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் காபி வாங்கலியா நீ?" என்றாள்.