ஆசீர்வாதம் சாரின் மூன்று கொட்டேஷன்

ஆசீர்வாதம் சாரைத் திட்டாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. கோரிப்பாளையத்தில் இருபது வருசமாகக் கடை வைத்திருக்கிறேன். ஏசி மாட்டுவேன், ரிப்பேர் பார்ப்பேன், சாவு வீட்டுக்குப் பிரீசர் பெட்டி வாடகைக்கு விடுவேன். ஒரு ஏசி வாங்க மூன்று மாதம் யோசித்த மனுசர் இவர் ஒருவர்தான்.

சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருசம் கிளார்க். அங்கே ஒரு சாக்பீஸ் பெட்டி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, கோடு போட்ட தாளில் ஒப்பிட்டு எழுதி, தாளாளர் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். அது வரும்வரை குண்டூசிகூட வாங்கக் கூடாது. ரிட்டயர் ஆனபோது அந்தப் பழக்கமும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்குத் தாளாளர், ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரே மகன் ஆன்சன்.

பிப்ரவரியில் சாரின் மனைவி எஸ்தர் டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மார்ச்சில் முதுகெல்லாம் படுக்கைப் புண். மொட்டைமாடித் தளம் காய்ந்து, ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். வேர்வையில் புண் ஆறாது, அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே சார் எனக்கு போன் போட்டார். அதுவரைக்கும் சரி.

"ஒன்றரை டன் ஏசி போதும் சார். காலைல சொன்னா மத்தியானம் ரூம் ஜில்லுன்னு ஆயிரும். அம்புட்டுத்தான்" என்றேன்.

"அவசரப்படாதப்பா சுருளி. ஆன்சன் ஞாயித்துக்கெழமை பேசுவான். அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வீடியோவில் ஆன்சன் வந்தான். என்னையும் உட்கார வைத்தார்கள்.

"அண்ணே, ஏசியெல்லாம் பழைய டெக்னாலஜி. இங்க எங்க வீட்ல ஹீட் பம்ப்தான். ஒரே மெஷின். குளுருக்குச் சூடு குடுக்கும், வெயிலுக்குக் குளுமை குடுக்கும், குளிக்க வெந்நீரும் வரும். அம்மாவுக்குப் போயி சாதாரண ஏசியவா வாங்கி மாட்டுறது? நான் விசாரிச்சுச் சொல்றேன்."

ஹீட் பம்ப் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஏசி அறையிலிருக்கும் சூட்டை வெளியே தள்ளும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவரும். திருப்பி ஓடவிட்டால் குளிர்ச்சியும் தரும். பனி கொட்டுகிற ஊருக்கு அது நல்ல சாமான். நானே இங்கே ஒரு லாட்ஜில் வெந்நீருக்கு மாட்டியிருக்கிறேன். ஆனால் மதுரைக்காரனுக்குச் சூட்டுக்கு என்ன பஞ்சம்? வெந்நீர் வேண்டுமென்றால் மத்தியானம் டேங்க் குழாயைத் திறந்தால் போதாதா? இதைச் சொன்னேன். "அண்ணே, நீங்க பழைய ஆளு" என்று சிரித்தான்.

சார் சிரிக்கவில்லை. தாளை எடுத்துக் கோடு போட்டார். இந்தப் பக்கம் ஏசி, அந்தப் பக்கம் ஹீட் பம்ப். ஏசிக்கு மூன்று கொட்டேஷன் ஒரே நாளில் வந்தது. வீட்டுக்கு மாட்டுகிற ஹீட் பம்ப்புக்கு ஊர் முழுக்க அலைந்து ஒன்றுதான் கிடைத்தது. மற்ற இரண்டுக்காகக் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கடுதாசி எழுதினார். ஆன்சன் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சந்தேகம் கேட்பான். அடுத்த ஞாயிறு வரை சார் அதற்குப் பதில் தேடுவார்.

ஏப்ரலில் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் சும்மா கிடந்த பழைய விண்டோ ஏசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். "சும்மா மாட்டிவிடுறேன் சார், புதுசு வந்ததும் கழட்டிக்கிறேன்."

வாசலிலேயே மறித்தார். "வேணாம்ப்பா. தன்னைக் கேக்காம செஞ்சுட்டோம்னு ஆன்சன் வருத்தப்படுவான்."

உள்ளே கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த டீச்சர் நாக்குக் குழற, "சுருளி, எப்பப்பா மாட்டுவ?" என்று கேட்டார்கள். கட்டிலில் விரித்திருந்த துணி நனைந்திருந்தது. நான் ஏசியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அந்த மனுசனைத் தள்ளிவிட்டு மாட்டியிருக்க வேண்டும்.

மே மூன்றாம் வாரம் புண்ணில் சீழ் வைத்து, ரத்தத்தில் கலந்து, டீச்சர் போய்ச் சேர்ந்தார்கள். ஆன்சன் வந்து சேர இரண்டு நாளாகும் என்பதால் பிரீசர் பெட்டிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டியை ஹாலில் வைத்து, டீச்சரை உள்ளே கிடத்தி, சுவிட்சைப் போட்டேன். பத்தே நிமிசத்தில் கண்ணாடியில் பனி படிந்தது.

அப்போது ஆன்சன் போன் வந்தது. அழுதான். அழுது முடித்துவிட்டு, "அப்பா, பிள்ளைங்களும் வர்றாங்க. இந்த வெக்கை அதுகளுக்குத் தாங்காது. சுருளி அண்ணன்கிட்டச் சொல்லி இன்னைக்கே ஒரு ஏசி மாட்டச் சொல்லுங்க" என்றான்.

"எந்தக் கம்பெனிப்பா? எத்தனை டன்னு?" என்றார் சார், பழக்க தோசத்தில்.

"எதுன்னாலும் சரிப்பா."

டீச்சர் படுத்திருந்த அறையில்தான் மாட்டினேன். ஆத்திரத்தில் ஸ்பேனரை இரண்டு தடவை கீழே போட்டேன். அப்படியும் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஓடவிட்டதும் அறை குளிர்ந்தது.

சார் மெதுவாக உள்ளே வந்து, வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். குளிர்காற்று அவர் வேட்டியை அசைத்தது.

"இம்புட்டு நேரந்தானா சுருளி?"

"ஆமா சார். இம்புட்டுத்தான்."

என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அணைத்தார். "ஆன்சன் வந்து போட்டுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு, ஹாலில் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.