வளையத்தில் படவில்லை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த பெண்ணுக்குக் கூடைப்பந்து தெரியாது என்று சொன்னால் அந்த ஊரில் சிரிப்பார்கள். லவோன் வான்ஸீயும் ஆடியவள்தான். ஆனால் பள்ளியில் ஆடிய நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததில்லை. அந்தக் காலத்து அயோவா ஆட்டம் அப்படி. பக்கத்துக்கு ஆறு பெண்கள். மூன்று பேர் கூடை போட, மூன்று பேர் தடுக்க. தடுக்கிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. லவோன் தடுக்கிறவள். பந்தைப் பிடுங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று, மற்றவள் பெயர் வாங்குவதை வேடிக்கை பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்தொன்பது வயதில் செய்கிற வேலையைக் கேளுங்கள்: சீக்கிரம் எறியுங்கடி என்று அடுத்தவர்களை விரட்டுவது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மாநிலத் தலைநகர் டிமாய்னின் லார்க்ஸ் பெண்கள் அணி சொந்த ஊரில் ஆடும் நாட்களில், ஆடுகளத்தை ஒட்டிய மேஜையில் இருபத்துநாலு நொடிக் கடிகாரத்தோடு உட்காருகிறாள். பந்து கைக்கு வந்தால் இருபத்துநாலு நொடிக்குள் எறிய வேண்டும். எறிந்தது கூடையில் விழாவிட்டாலும் அதன் வளையத்திலாவது பட வேண்டும். பட்டால் லவோன் பொத்தானை அமுக்குவாள், புதிதாக நேரம் கிடைக்கும். படாவிட்டால் அமுக்கமாட்டாள், நேரம் தீர்ந்ததும் சங்கு ஊதும், பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு ஆளா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்த மேஜைக்காரர்கள் கைதட்டக் கூடாது. அணியின் பச்சை நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட இருக்கக் கூடாது. ஆட்டத்தை ரசிக்கவும் முடியாது, கண் வளையத்தை விட்டு நகர்ந்தால் தொலைந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில், உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் அள்ளியபடி யாராவது கேட்பார்கள்.

“நேத்து மேட்ச் எப்படி லவோன்? கிட்டவே உக்காந்து பாத்தியே!”

“வளையம் நல்லா இருந்துச்சு” என்பாள்.

அதற்காக அவளுக்குப் பற்று இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லார்க்ஸ் என்றால் அவளுக்கு உயிர். பதினேழு வருடமாக அந்த அணி ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. இறுதித் தொடருக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியது. இரண்டாவது தடவை லவோன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மேஜையில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்து, வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்தியவள் அவள்.

இந்த வருடம் மூன்றாவது வாய்ப்பு. எதிரணி சவானா. ஐந்து ஆட்டத் தொடரில் ஆளுக்கு இரண்டு வென்றாகிவிட்டது. ஐந்தாவது ஆட்டம் டிமாய்னில், அக்டோபர் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு. வயலில் சோயா அறுப்புக்குத் தயாராக நின்றது. அவள் கணவன் டுவேன் அதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான். டுவேன் பன்றி வளர்க்கிறவன். வாரம் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். லார்க்ஸ் ஆட்டத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டே கிடையாது. முகத்தில் பாதிக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான்.

“இந்த மூஞ்சியோட பன்னிக்குத் தீவனம் வச்சியா?”

“வச்சேனே.”

“தின்னுச்சா?”

“ரெண்டு ரவுண்டு தின்னுச்சு. அதுங்களும் லார்க்ஸ் கட்சிதான்.”

லவோன் சிரித்தாள். இன்றைக்காவது, இன்றைக்காவது என்று அரங்கம் வந்து சேரும் வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆட்டம் இழுபறி. கடைசி முப்பத்தொரு நொடி இருக்கும்போது லார்க்ஸ் ஒரு புள்ளி முன்னால், பந்தும் அப்போதுதான் அவர்கள் கைக்கு வந்தது. பதினாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். டஷானா ப்ரூயிட் பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைக் கரைத்தாள். அணியின் நம்பிக்கையே அந்தப் பெண்தான். இதே மாநிலத்து வாட்டர்லூக்காரி. லவோனின் கடிகாரத்தில் இரண்டு நொடி மிச்சம் இருக்கும்போது, தடுக்கப் பாய்ந்த இரண்டு பேருக்கு நடுவிலிருந்து எம்பி எறிந்தாள்.

பந்து பின்பலகையில் மோதிக் கீழே வந்தது. வளையத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் நுழையும் இடைவெளி. விழுந்த பந்தை இன்னொரு லார்க்ஸ் பெண் பாய்ந்து பிடித்தாள். அரங்கமே கூரை பறக்கக் கத்தியது. இனி பந்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும், கோப்பை வந்துவிட்டது. லவோனின் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது.

அவள் அமுக்கவில்லை.

சங்கு ஊதியது. ஆட்டம் நின்றது, முடிய இன்னும் ஏழு நொடி மிச்சம். ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பதினாலாயிரம் பேரின் கோபமும் அந்தச் சின்ன மேஜை மேல் வந்து விழுந்தது. லார்க்ஸ் பயிற்சியாளர் குதித்தார், வீராங்கனைகள் எல்லோரும் வளையத்தைக் காட்டிக் காட்டி “பட்டுச்சு, பட்டுச்சு” என்றார்கள். நடுவர்கள் மூவரும் பதிவைத் திரும்பப் பார்க்கத் திரைக்கு முன் போய்க் குனிந்தார்கள். லவோன் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டஷானா தண்ணீர் எடுக்கிற சாக்கில் மேஜைக்கு வந்தாள்.

“மிஸ் லவோன், ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு. நான் உன்கிட்ட பேசக் கூடாது.”

“நீங்க பேச வேணாம். நான் சொல்றேன், அது படல. கைய விட்டுப் போறப்பவே தெரியும்.” ஒரு மடக்கு குடித்தாள். “எங்க ஆளுங்க கத்திட்டுப் போறாங்க, விடுங்க.”

நடுவர்கள் நிமிர்ந்தார்கள். படவில்லை. பந்து சவானாவுக்கு. ஏழு நொடியில் அவர்களுக்கு ஒரே ஒரு எறிதல்தான் கிடைத்தது, அது நேராக உள்ளே போனது, இரண்டு புள்ளி. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. லார்க்ஸ் தோற்றது.

வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம். டுவேன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். முகத்துப் பச்சை வேர்வையில் கழுத்து வரை வழிந்திருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து மைல் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் அறுப்பு இயந்திரங்கள் தூசி கிளப்பிக்கொண்டிருந்தன.

“லவோன்.”

“ம்.”

“அந்தக் கடிகாரக்காரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சுன்னு ஒருத்தன் கத்துனான்.”

“கேட்டுச்சு. நீதான கத்துன.”

“அவ்ளோ சத்தத்துல என் குரலு தெரிஞ்சுதா?”

“முப்பத்தாறு வருஷமா கேக்குறேன், தெரியாதா?”

டுவேனின் காது சிவந்தது. “கத்தி முடிச்சப்புறந்தான் அது நீன்னு உறைச்சுது. சத்தியமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அது அழுகையாகிவிட்டது. பதினேழு வருடத்து அழுகை, இருக்கையில் குனிந்து உட்கார்ந்து அழுதாள். டுவேன் வண்டியை ஓரம் கட்டினான். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று அவனுக்கு என்றைக்குமே தெரியாது. கைக்குக் கிடைத்த பழந்துணியை நீட்டினான். எண்ணெய்த் துணி. அதையும் வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

“அமுக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது லவோன். அந்தத் திரையில பாத்து கண்டுபுடிச்சிருப்பாங்கல்ல? அத யோசிச்சுத்தான அமுக்காம விட்ட?”

லவோன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். திரை என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்கவில்லை.

“இல்லயே.”

“பின்ன என்னதான் நெனச்ச?”

“படலன்னு நெனச்சேன்” என்றாள்.