திறந்து பார்க்காத துப்பாக்கி

அறுபதுகளில் போர்ட் பிளேரில், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையொன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். சட்டப்படி, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து, கையெழுத்திட்ட பிறகே கப்பலில் அனுப்ப வேண்டும். ஒருநாள் கப்பலுக்கு நேரமாகிவிட்டதால், மாயாபந்தர் விவசாயி ஒருவரின் பழைய துப்பாக்கியைப் பார்க்காமலே கையெழுத்திட்டுப் பெட்டியில் அடைத்தேன்.

ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில், என் கண்ணெதிரே, சுமைக்காரர் காசிம் பெட்டியை இறக்கியதும் உள்ளிருந்த துப்பாக்கி வெடித்தது. குண்டு அவர் கன்னத்தை உரசிச் சென்றது.

"காலின்னுதானே சொன்னீங்க பாபு! எனக்கு நாலு புள்ளைங்க!"

எனக்கு ஜெயில்தான் என்று நினைத்தேன்.

"யார் செக் பண்ணது?" என்றார் போலீஸ் அதிகாரி.

"நான் பார்த்தேன் சாப், காலிதான். இவன்தான் உள்ளே ஏதோ பண்ணி, பெட்டியை வேகமாப் போட்டுட்டான்" என்றேன், காசிமைக் காட்டி.

காசிமின் வேலை போயிற்று. அவரைத் தேடிப் போகும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

இன்று ரேஷன் கடையில்கூட, பையைப் பிரித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன். வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். காசிம் பெட்டியை மெதுவாகத்தான் இறக்கினார்.