குப்பிக்கு நான்கு மணி நேரம்

அந்த மருத்துவமனையில் அவருக்குப் ‘பொறுங்க’ என்று பெயர். கூப்பிட்டவர் டாக்டரானாலும் நர்ஸானாலும், போனை எடுத்ததும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான். ஊரையெல்லாம் பொறுக்கச் சொல்கிறவர், தான் மட்டும் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். கதவு ஒருநாள் கழன்று கையோடு வந்தால்தான் இந்த மனுஷனுக்கு நிம்மதி என்பாள் மனைவி.

வேலை அப்படி. கீழ்த்தளத்தில் மருந்தகத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்துகளை எந்த வார்டுக்கு எது வேண்டுமோ அதன்படி கலந்து கொடுப்பது அங்கேதான். தொப்பி, முகமூடி, கையுறை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வெளியே வந்தால் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும். மறுபடி நுழையப் புதிது மாட்ட வேண்டும். கால் நிற்காத ஒருவரைப் பிடித்து அந்த அறைக்குள் இருபத்தாறு வருஷம் அடைத்து வைத்தது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊசி மருந்தில் முக்கால்வாசி பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே கேட்பார்கள். கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த காட்சி அப்படி. வலிப்பு மருந்தை ஒரு நர்ஸ் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்த குழாயிலேயே செலுத்தினார். இரண்டும் பளிங்கு போன்றவை. சேர்ந்த இடத்தில் குழாய் பால் மாதிரி வெளுத்தது. நல்லவேளை, அந்த நர்ஸே குழாயை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் படுத்திருந்த பெண்ணின் ரத்தத்துக்குள் அந்தத் துகள்கள் இறங்கியிருக்கும்.

உடனே வெளுப்பதாவது யோக்கியமானது. சில கலவைகள் ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, நாம் அசந்த நேரத்தில் கலங்கும். அதனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். இன்னதோடு இன்னது சேரும் என்று புத்தகத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால், கலந்ததில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வைப்பார். எக்ஸ்ரே உறையிலிருந்து வெட்டிய கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை. தெளிவாக இருப்பதாலேயே மருந்து கெடவில்லை என்று ஆகிவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கே கலங்கிவிட்டால் மேற்கொண்டு பேச்சுக்கு இடமில்லை.

இந்தப் பழக்கம் வீடு வரை வந்து, டீ கிளாஸைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு முற்றியிருந்தது. இதை அதிகம் கிண்டல் செய்தவன் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி, எலக்ட்ரீஷியன். எங்க அக்காவையும் உங்களையும் சேர்த்து வச்சப்ப எந்தப் புண்ணியவான் நாலு மணி நேரம் குப்பியில வச்சுப் பார்த்தான் என்று கேட்டு வீட்டையே சிரிக்க வைத்தவன்.

அந்த மைத்துனன் இப்போது மூன்றாவது மாடியில் கிடந்தான். குடலில் புற்று. பிழைக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மிச்ச நாளில் வலி இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. மாதக்கணக்கில் ஊசி குத்தி நரம்பெல்லாம் சுருண்டு, கழுத்தோரத்தில் ஒரே ஒரு குழாய்தான் மிஞ்சியிருந்தது. வலிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, பதற்றத்துக்கு ஒன்று என்று மூன்று மருந்தும் அதே குழாயில்தான் போக வேண்டும். ஒன்றை நிறுத்தி, உப்புநீரால் கழுவி, அடுத்ததைச் செலுத்தி, மறுபடி கழுவி முடிப்பதற்குள் வலி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாளாக அவன் தூங்கவில்லை.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். மூன்றையும் ஒரே சிரிஞ்சில் கலந்து பம்பில் மெதுவாக ஓடவிட முடியுமா என்று கேட்டார். இவர் புத்தகத்தைப் புரட்டினார். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஆகும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆகும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்கூட ஆகும். மூன்றும் சேர்ந்து, இந்த அளவில், ஒரே சிரிஞ்சில் குடித்தனம் நடத்துமா என்பதற்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

கலந்தார். குப்பியில் எடுத்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் தெளிவு. பத்து நிமிடத்தில், இருபதில், நாற்பதில், கணக்கில் இல்லாத நேரத்திலெல்லாம் பார்த்தார். அதற்குள் மனைவி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மூன்றாவது தடவை அவள் பேசவில்லை. போனைத் தம்பியின் பக்கமாக நீட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது கேட்டது.

சரியாக ஒரு மணி நேரம். குப்பி பளிச்சென்று இருந்தது. இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. சிரிஞ்சில் அவர் சீட்டு ஒட்டினார், தேதியும் நேரமும் எழுதினார், ‘பார்த்தாயிற்று’ என்று கையெழுத்தும் போட்டு மேலே அனுப்பிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு வார்டுக்கான மருந்துப் பையின் சீட்டில் அளவைத் தப்பாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதினார். குப்பியைப் பார்க்கக்கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பதினொன்றேகாலுக்குக் கறுப்புத் தாளைப் பிடித்தபோது, அடியில் ஊசி முனையளவு ஏதோ மின்னியது. கண்ணாடியின் கீறலாக இருக்கும் என்று குப்பியை மெல்லச் சுழற்றினார். அதுவும் சேர்ந்து சுழன்றது. ஒன்றல்ல, நிறைய.

அங்கியைக் கழற்றினாரா, கிழித்தாரா தெரியாது. லிஃப்டுக்கு நிற்காமல் மூன்று மாடியும் படியேறி, மூச்சு இரைக்கப் போய் நின்றார். மைத்துனன் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றிச் சுருக்கம்கூட இல்லை. மனைவி உதட்டில் விரலை வைத்து, எழுப்பிவிடாதீர்கள் என்று சைகை காட்டினாள். அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி இருந்தது.

அவர் குனிந்து பம்பில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தார். தெளிவாக இருந்தது. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். அப்போதும் தெளிவுதான். கீழே அறையில் ஏசி குளிர், இங்கே வெதுவெதுப்பு. குளிரில் மட்டும் கலங்குகிற கலவையாக இருக்கலாம். இல்லை, இங்கேயும் கலங்கத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாமல் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கலாம். எது என்று யார் சொல்வது? தூங்கட்டும் என்று விட்டால் அந்தத் துகள் நுரையீரலில் போய் அடைக்கலாம். நிறுத்தினால் வலி திரும்பும், அது மட்டும் நிச்சயம். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். குழாயில் இருப்பதை உப்புநீரால் உள்ளே தள்ளிவிடக்கூடாது, அதை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பம்ப் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. டாக்டருக்கு அவரே போன் போட்டு, நான்கு மணி நேரம் பார்க்காமல் அனுப்பியது தன் தவறு என்று சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் மைத்துனன் விழித்துக்கொண்டான். முதலில் முகம் கோணியது. அப்புறம் நின்றுபோன பம்பைப் பார்த்தான்.

"ஏன் மாமா நிறுத்துனீங்க?"

"நாலு மணி நேரம் பார்த்திருக்கணும்டா. ஒரு மணி நேரத்துலயே அனுப்பிட்டேன். கீழ இருந்த குப்பி கலங்கிடுச்சு."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வலி ஓர் அலை வந்து போயிற்று.

"வேற ஆளுன்னா அனுப்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"வேற ஆளுன்னா, பொறுத்துக்கோன்னு சொல்ல மனசு வந்திருக்கும்."

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று அவர் நினைத்தார். அவன் தூங்கவில்லை.

"அப்ப இனிமே என்னை வேற ஆளுன்னே நினைச்சுக்குங்க மாமா" என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று அவருக்கு இருந்தது. சரி என்று தலையை ஆட்டினார். புத்தகத்தில் சேரும் என்று இருக்கிற இரண்டை மட்டும் கலந்து கொண்டுவர, வலியோடு அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.